பேர் பதிந்த காளை

போன மாதம் வில்பட்டியில் இருளப்பன் செத்துப்போனான். எடுத்து முடித்துவிட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனுஷன்தான், ஆனால் ஏமாளி, ஒரு காளையை வாங்கி வாழ்க்கையையே தொலைத்தவன் என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இருளப்பன் ஏமாளி இல்லை. அவன் ஏன் அந்தக் காளையை வாங்கினான் என்று இவன்களில் ஒருத்தனுக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

நான் மாட்டுத் தரகன். பாலசமுத்திரம் பொன்னுவேல் என்றால் பழனிச் சுற்றுவட்டாரத்தில் சந்தைக்குப் போகிற எவனுக்கும் தெரியும். நல்லவிதமாகத் தெரியுமா என்று கேட்காதீர்கள். மலையில் பிறக்கிற காளங்கன்றுகளை வாங்கி, காட்டுப்பாதையில் நடத்திக் கீழே இறக்கி, கேரளா லாரியில் ஏற்றிவிடுவதுதான் என் சோலி. அந்த லாரி எங்கே போகிறது என்று விற்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். கறிக்குப் போகிறது. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது?

அந்தக் காளையை வாங்கிய காலத்தில் இருளப்பன் கூக்காலில் இருந்தான். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டி உள்ளே போகவேண்டும். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் நடைதான். ஏரிக்கு மேலே, பூண்டு வயல்கள் முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தில் அவனுக்கு ஒரு தகர வீடும் மாட்டுக்கொட்டமும் இருந்தன. பத்துப் பன்னிரண்டு பசுக்கள், எல்லாம் மலைமாடு. ஆள் இடுப்புக்கு மேலே வளராது. ஆனால் அந்தச் சரிவில் ஆடு மாதிரி ஏறும். காலையில் அவிழ்த்துவிட்டால் தானாகக் காட்டுக்குப் போய் மேய்ந்து, பொழுது சாய்வதற்குள் தானாகத் திரும்பிவிடும். கூட்டிக்கொண்டு போவதும் கூட்டிக்கொண்டு வருவதும் செவலை என்கிற பசு. அதன் கழுத்தில் ஒரு மரமணி. அந்தச் சத்தத்துக்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் நடக்கும். எதிரே நிற்கிற ஆள் தெரியாமல் பனி மூடிய நாளிலும் மேலே டொக்கு டொக்கென்று கேட்டுவிட்டால் பெருமாயி நிம்மதியாக அடுப்பைப் பற்றவைப்பாள். பெருமாயி அவன் பெண்டாட்டி. பெண் ஒருத்தி உண்டு. அவளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பசுங்கன்று பிறந்தால் அன்றைக்கே பெருமாயி பேர் வைத்துவிடுவாள். செவலை, மயிலை, பூச்சி, சின்னக்குட்டி என்று ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். காளங்கன்றுக்கு மட்டும் பேர் கிடையாது. "அது", "இது", "அந்தக் கறுத்தது", அவ்வளவுதான்.

"ஏன் தாயி, அதுக பாவமில்லையா?" என்று ஒருதரம் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

"பேரு வச்சுப்புட்டு லாரியில ஏத்த முடியுமாண்ணே?" என்றாள்.

நான் கன்று பிடிக்கப் போகிற நாளில் அவள் வெளியே வரவே மாட்டாள். எனக்குத் தேத்தண்ணி போட்டு வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். டீயை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சிலோனிலிருந்து வந்த குடும்பம் அது.

அந்தக் கதையையும் சொன்னால்தான் இது புரியும். இருளப்பன் பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீட்டில். அங்கே செக்ரோல் என்கிற பதிவேட்டில் பேர் பதிந்த ஆளுக்குத்தான் நிரந்தர வேலை, லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா, எல்லாம். பேர் பதியாத ஆளைத் தோட்டத்துத் தொரை நினைத்தால் வா என்பான், நினைத்தால் போ என்பான். பிறகு இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது, இருளப்பனின் அப்பன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். அப்பன் பேரில் வந்த பேப்பரில் பிள்ளைகள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். இருளப்பன் கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து கொடைக்கானல் மலைக்கு மரப்பட்டை உரிக்கிற வேலைக்கு வந்தான். கூட்டிவந்த காண்டிராக்டர் ஒருவன் முன்பணம் கொடுத்துக் குடும்ப அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான். பல வருஷம் தரவில்லை. ரேஷன் கிடையாது, வேறு வேலைக்குப் போகமுடியாது, காட்டை விட்டு இறங்கினால் யார் நீ என்று கேட்டால் காட்ட ஒன்றும் கிடையாது. யாரோ நல்லவர்கள் முயற்சி எடுத்து அந்த அட்டையை மீட்டுக் கொடுத்த அன்றைக்கு, அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தானாம். பெருமாயி சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கிறபோதே கண் கலங்கிவிடும்.

இரண்டாயிரத்து நாலில், தைப்பூசம் முடிந்த கையோடு நான் மேலே போயிருந்தேன். இருளப்பன் என்னைக் கொட்டத்துக்குப் பின்னால் தனியாகக் கூட்டிப்போனான்.

"அண்ணே, கீழ ஒரு பண்ணையில காளை குடுக்குறாங்களாம். சீமைக்கலப்பு. பேரு பதிஞ்சதுண்ணே."

"பதிஞ்சா என்ன?"

"பேப்பர் இருக்கு. அதோட அப்பன் பேரு, ஆத்தா பேரு, தாத்தன் பேரு எல்லாம் சீல் வச்சு எழுதியிருக்காங்க. எனக்கே என் தாத்தன் பேரு சரியாத் தெரியாதுண்ணே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"ஏலே இருளப்பா, கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? பேரு பதிஞ்ச மாடு வச்சிருக்கவன் வெதைக்கு விக்கிறவன். அவங்கிட்ட வாங்க வர்றவன் தாத்தன் யாருன்னு கேப்பான், பாட்டி எத்தன லிட்டரு கறந்துச்சுன்னு கேப்பான். நீ கறிக்கு விக்கிறவன். உங்கிட்ட வாங்குறவன் நான். நான் தொடையத் தட்டிப் பாப்பேன், முதுகத் தடவிப் பாப்பேன். பேப்பர எங்கிட்டுத் தடவ?"

அவன் கோபப்படவில்லை. அவன் என்றைக்குமே கோபப்பட்டதில்லை, அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

"மலைமாட்டுக் கன்னுக்கு எடை இல்லன்னு நீங்கதானேண்ணே சொல்றீங்க. பெரிய காளையச் சேத்தா எடை நிக்கும்ல?"

"நிக்கும். அதுக்குப் பேப்பர் இல்லாத பெரிய காளை போதும். அதுவும் உன் பசுக்க இருக்குற ஒசரத்துக்கு வேணாம்ங்கிறேன். கன்னு பெருசாப் போயிரும். தாயி என்ன சொல்லுது?"

அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பெருமாயிக்காகத்தாண்ணே. பேரு பதிஞ்ச கன்னுன்னா வெதைக்குன்னு வாங்குவாங்க. வளப்பாங்க. லாரியில ஏத்த வேண்டியதில்ல. அவ ஒரு காளங்கன்னுக்காவது பேரு வைக்கணும்ணே. எத்தன வருசமா அந்தக் கதவுக்குப் பின்னால நின்னு அழுகுறா."

கணக்குப் போட்டு வந்தவனோடு கணக்குப் பேசலாம். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னமோ செய் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மூன்று பசுக்களை விற்று அந்தக் காளையை வாங்கினான். பண்ணையில் வைத்த பேர் பிரின்ஸ். பேப்பரிலேயே போட்டிருந்தது. காதில் மஞ்சள் வில்லை, அதில் நம்பர். ஆள் நெஞ்சு உயரம், பழுப்பு நிறம், பட்டு மாதிரி உடம்பு. அழகன்தான், பொய் சொல்லக்கூடாது. மினி லாரியில் ஏற்றி ஊருக்கு வந்தபோது கூக்காலே திரண்டு வேடிக்கை பார்த்ததாம். பேரோடு வந்த முதல் காளை அந்த வீட்டுக்கு. பெருமாயி வாசலில் நின்று ஆரத்தி எடுத்து, "வாப்பா பிரின்சு" என்று கூப்பிட்டாளாம்.

ஆனால் அது மலைக்குப் பிறந்ததில்லையே. சரிவில் இரண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஈரத்தில் குளம்பு அழுகும். அட்டை கடித்தால் நாள் முழுக்க உதறிக்கொண்டு நிற்கும். மற்ற மாடுகள் காட்டில் மேய்ந்து வர, இதற்கு மட்டும் பெருமாயி புல் அறுத்துச் சுமந்து வந்து போட்டாள். குளிரில் சாக்குத் தைத்துப் போர்த்திவிட்டாள். "மாப்பிள்ளையக் கவனிக்கிற மாதிரியில்ல கவனிக்கிற" என்று நான் கேலி செய்தால், "எங்க வீட்டு மாப்பிள்ளைதானேண்ணே" என்பாள். அந்த ஒரு வருஷம் அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

மார்கழியில் முதல் கன்று விழுந்தது. மயிலைக்குப் பிறந்த காளங்கன்று. மயிலை கொஞ்சம் எலும்பு விரிந்த பசு, ஒரு பகல் முழுக்கச் சிரமப்பட்டாலும் நல்லபடியாக ஈன்றுவிட்டது. கன்று நல்ல கனம். நான் தூக்கிப் பார்த்து அசந்துபோனேன். எடை விஷயத்தில் அவன் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டேன்.

"பேரு வைடி" என்றான் இருளப்பன்.

பெருமாயி கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "பேப்பர் வரட்டுங்க. வந்ததும் வச்சுக்கலாம்" என்றாள். மனசுக்குள் ஒரு பேரை வைத்திருந்தாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

பேப்பர் வாங்க இருளப்பன் பண்ணைக்குக் கிளம்பினான். கூட நானும் போனேன், போகாமல் இருந்திருக்கலாம். வெளுத்த சட்டை போட்டு, பிரின்ஸின் பேப்பரைப் பாலிதீன் உறையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். பண்ணை மேனேஜர் தண்டாயுதபாணி நல்ல மாதிரிதான் பேசினார். காளை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார், காபி வாங்கிக் கொடுத்தார். பிறகு கன்றுக்குத் தாய் எது என்று கேட்டார்.

"மயிலைங்க. எங்க மலைமாடுங்க."

"அதுக்கு நம்பர் இருக்கா?"

"இல்லீங்களே."

"அப்ப பதிய முடியாதுங்க. அப்பன், ஆத்தா ரெண்டும் புத்தகத்துல இருக்கணும். ஆத்தா இல்லாம கன்னுக்குக் கெடையாது."

இருளப்பனுக்கு அது மண்டையில் ஏறவில்லை. திரும்பத் திரும்ப, "அப்பனுக்கு இருக்குதுங்களே, அப்பனுக்கு இருக்குதுங்களே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பன் பேப்பரில் ஏறிக் கடலைத் தாண்டி வந்தவனாயிற்றே. அப்பன் பேர் பதிந்திருந்தால் பிள்ளைக்கும் உண்டு என்பதை அவன் வாழ்க்கை முழுக்க நம்பியிருந்தான். வாங்கும்போது இதைக் கேட்கவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குமே தெரியாது, நான் எந்தக் காலத்தில் பதிந்த மாடு பார்த்தேன்? பதிவுள்ள பசுவையும் வாங்கினால் கன்றுக்குப் பேப்பர் கிடைக்கும் என்று மேனேஜர் சொன்னார். அதற்கு இன்னும் எத்தனை பசுவை விற்பது?

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பழனி மலை தெரிந்ததும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், இவன் கையைக்கூடத் தூக்கவில்லை. நான் என்னென்னவோ சொல்லித் தேற்றிப் பார்த்தேன். எனக்கு ஆறுதல் சொல்லவும் வராது.

வீட்டில் பெருமாயி வாசலுக்கு வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். கன்றுக்குக் கஞ்சித் தண்ணீர் எடுத்துப் போனாள். கன்று வளர்ந்ததும் நான்தான் பிடித்துப் போனேன். அன்றைக்கும் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் பழைய பிழைப்பாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அதற்குள் மற்றப் பசுக்களும் பிரின்ஸுக்குச் சினையாகியிருந்தன. செவலையும்தான். பண்ணைக்குப் போவதற்கு முன்னாலேயே, தலைமைப் பசுவுக்குப் பிறப்பது நல்ல கன்றாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு இருளப்பனே பிடித்துக் கட்டியிருந்தான். "அவ குட்டைங்க, வயசும் ஆயிருச்சு, வேணாம்" என்று பெருமாயி அப்போதே சொல்லியிருக்கிறாள். முதல் கன்று பிறக்கப்போகிற சந்தோஷத்தில் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழையில் செவலைக்கு வலி வந்தது. அன்று நான் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தேன், பஸ் வரவில்லை. காலையிலிருந்து படுக்கிறது, எழுகிறது, கண்ணால் பெருமாயியையே தேடுகிறது. இரண்டு கால் குளம்புகள் வெளியே தெரிந்தன. அந்த அளவுக் குளம்பை நான் மலைமாட்டுக்குப் பார்த்ததே இல்லை. டாக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினோம். வழியில் மரம் விழுந்து கிடக்கிறது என்று அவன் திரும்பி வந்துவிட்டான். கயிறு கட்டி நானும் இருளப்பனும் பக்கத்து வீட்டுச் சின்னச்சாமியும் இழுத்தோம். பெருமாயி செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்க ஆத்தா, கொஞ்சம் பொறுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கன்று செத்துதான் வந்தது. மழை விட்டு, மற்ற மாடுகள் வழக்கமாக வீடு திரும்புகிற வேளையில் செவலையும் போய்விட்டது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மற்ற மாடுகள் திரும்பி வரவில்லை. எப்படி வரும்? கூட்டிவருகிறவள் இங்கே கிடக்கிறாள். காலையில் அவற்றைத் தனியாக விட்டது யாருக்கும் நினைவில்லை.

செவலையின் கழுத்திலிருந்து மரமணியை அவிழ்த்துக்கொண்டு பெருமாயி காட்டோரம் போய் நின்று ஆட்டினாள். டொக்கு டொக்கு. பனிக்குள்ளிருந்து ஒன்றிரண்டு மாடுகள் சத்தத்துக்கு இறங்கி வந்தன. வந்து பார்த்து, செவலையைக் காணாமல், திரும்ப மேலே ஏறப்பார்த்தன. நானும் எத்தனையோ மாட்டைக் கைமாற்றி விட்டவன், கல்நெஞ்சன் என்று பேர் வாங்கியவன். அன்றைக்கு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இருளப்பன் சேற்றில் உட்கார்ந்திருந்தான். பெருமாயி திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளுக்குப் பேப்பர் இல்லைங்க. ஆனா வீடு தெரியும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த மந்தை நிலைகொள்ளவில்லை. ஆளுக்கொரு பக்கம் போய்விடும். பூண்டு வயலில் விழுந்து வம்பு வரும். சின்னக்குட்டியும் பிரசவத்திலேயே போனது. பூச்சி காட்டுக்குள் போனது போனதுதான், காட்டெருமை முட்டியதோ, பள்ளத்தில் விழுந்ததோ. மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாக விற்றார்கள். பேர் வைத்த பசுக்கள் எல்லாம். பெருமாயி வில்பட்டிக்குக் காரட் கழுவுகிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

கடைசியில் பிரின்ஸ் மட்டும் நின்றது. பண்ணையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். செவலை கதை ஊரெல்லாம் பரவிவிட்டதால் பசுவைச் சேர்க்க யாரும் ஓட்டிவரவும் இல்லை. தீனி போடவும் வழியில்லை. குளம்பு புண்ணாகி நொண்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் இருளப்பன் பூத்திலிருந்து எனக்குப் போன் செய்தான். "அண்ணே, வாங்க" என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதை நடத்தி இறக்க முடியாது. டிரைவர் வேலப்பனின் மினி லாரியைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். எங்கள் தொழிலில் விலையை வாயால் பேச மாட்டோம். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். பழக்கத்தில் துண்டை விரித்துக் கையை நீட்டினேன். இருளப்பன் கையைக் கொடுக்கவில்லை.

"நீங்க பாத்துக் குடுங்கண்ணே. இவனுக்கு நான் வெரல் பிடிக்க மாட்டேன்."

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

காளையை ஏற்றிக் கட்டிய பிறகு, அவன் வீட்டுக்குள் போய் அந்தப் பேப்பரை எடுத்து வந்தான். அதே பாலிதீன் உறை. வண்டியில் ஏறி, சணல் கயிற்றால் அதைக் காளையின் கழுத்தில் கட்டினான். அவிழாமல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.

வேலப்பன் சிரித்துவிட்டான். "ஏன் பெருசு, அங்க போயி இத யாரு படிக்கப் போறா? அறுக்குறவனா?"

"யாரும் படிக்க வேணாம்ப்பா. அவங்கிட்ட இருக்கட்டும். கையில பேப்பர் இல்லாம தெரியாத ஊருல போயி எறங்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"வாயப் பொத்திக்கிட்டு வண்டிய எடுடா" என்று வேலப்பனைப் பார்த்துக் கத்தினேன். அவன் மேல் தப்பில்லை. யார் மேலாவது கத்தவேண்டும் போல இருந்தது எனக்கு.

அப்போது கதவு திறந்தது. நான் மாடு பிடிக்கப் போன நாளில், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பெருமாயி வெளியே வந்து லாரிக்குப் பக்கத்தில் நின்றாள். பலகைக்கு மேலே கையை விட்டு அதன் தாடையைத் தடவினாள். அது அவள் கையை நக்கியது.

"பிரின்சு, போயிட்டு வாப்பா" என்றாள்.

மலை இறங்குகிற வழியெல்லாம், ஒவ்வொரு வளைவிலும், பின்னாலிருந்து அந்தப் பாலிதீன் சரசரக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பாலசமுத்திரத்தில் கேரளா லாரிக்கு மாற்றி ஏற்றும்போது, அங்கே இருந்த ஆள் என்னடா குப்பை என்று அதைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனான்.

"கைய எடுறா. அதுக்குப் பேரு இருக்கு" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். பேப்பரோடுதான் அது போனது.